மேல்தளத்திலிருந்து ஒரு நதி

மிஸிஸிப்பி நதியின் நீராவிப் படகுகளைப் பற்றி ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. முதலில் அந்தப் படகுகள் உழைத்தன. பருத்தியும் சர்க்கரையும் ஆட்களும் ஏற்றிச் சென்றன. பிறகு ரயில் வந்தது, படகுகள் செத்தன. மிஞ்சிய சிலவற்றுக்கு வெள்ளைச் சாயம் பூசி, கொடி கட்டி, நதியைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு டிக்கெட் விற்க ஆரம்பித்தார்கள். அதாவது உழைப்பு முதலில், உல்லாசம் பிற்பாடு. உல்லாசம் என்பது உழைப்புக்குக் கொடுக்கும் திவசம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு இப்படி நடக்கவில்லை. நதியை வேடிக்கை பார்ப்பது அந்தப் படகுகள் முதுமையில் தேடிக்கொண்ட பிழைப்பு அல்ல. ஆரம்பத்திலிருந்தே அது உண்டு. உழைப்பு நடந்துகொண்டிருந்த அதே படகில், அதே நாளில், ஒரு தளம் மேலே.

அந்த நதியில் முதன்முதலாக இறங்கிய நீராவிப் படகு 'நியூ ஆர்லியன்ஸ்'. பிட்ஸ்பர்கில் கட்டப்பட்டு 1811 அக்டோபரில் கிளம்பியது. கட்டியவர் நிக்கலஸ் ரூஸ்வெல்ட். கூடவே கர்ப்பிணியான அவர் மனைவி லிடியா. வழியில் லூயிவில்லில் குழந்தை பிறந்தது. அந்த வருஷம் வானத்தில் பெரிய வால்நட்சத்திரம். டிசம்பர் 16-இல் நியூ மாட்ரிட் பூகம்பம் தொடங்கி, கரைகள் இடிந்து விழ, தீவுகள் காணாமல்போக, நதியே தன் வழியை மாற்றிக்கொண்டிருந்த நாட்களில் அந்தப் படகு கீழே இறங்கி 1812 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் துறையை அடைந்தது. இத்தனை சகுனங்களோடு ஒரு தொழில் ஆரம்பமானது என்று ஒரு நாவலாசிரியன் எழுதியிருந்தால் நாம் நம்பமாட்டோம். நான் கவனிக்க விரும்புவது வேறொன்றை. இந்த முதல் பயணத்திலேயே படகில் சாமான் ஏற்றும் இடம் தனி, குடும்பம் உட்கார்ந்து கரையைப் பார்க்கும் அறை தனி. பிற்பாடு வந்ததெல்லாம் இந்தப் பிரிவினையின் விஸ்தரிப்புதான்.

மேற்கத்திய நதிகளின் நீராவிப் படகு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் மற்றது விளங்கும். நதி ஆழமில்லாதது, எனவே அடிப்பகுதி தட்டையாக, தாம்பாளம் போல இருக்க வேண்டும். இயந்திரத்தை அதனுள் இறக்க முடியாது. பாய்லர்கள், உலைகள், விறகுக் குவியல், இயந்திரம், சரக்கு, கால்நடை எல்லாம் நீர்மட்டத்தை ஒட்டிய முதல் தளத்திலேயே. அதே தளத்தில், சரக்கு மூட்டைகளின் நடுவே கிடைத்த இடத்தில் படுத்துக்கொண்டு, மிகக் குறைந்த கட்டணத்தில் போகிறவர்கள் 'தளப் பயணிகள்'. புதிதாகக் குடியேறியவர்கள், ஏழை விவசாயிகள், வேலை தேடிப் போகிறவர்கள். படகு விறகுக்காகக் கரை ஒதுங்கும்போது இறங்கி விறகு சுமந்தால் கட்டணத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளுபடி. இதற்கு மேலேதான் நீண்ட கூடம்: கம்பளம், தொங்குவிளக்கு, மெருகிட்ட மரச் செதுக்கு, இருபுறமும் படுக்கை அறைகள், வெளியே கைப்பிடிச் சுவரோடு கூடிய தாழ்வாரம். அதற்கும் மேலே அதிகாரிகளின் அறைகள். உச்சியில் கண்ணாடிக் கூண்டு. அதனுள் சக்கரத்தைப் பிடித்தபடி நதிவழி அறிந்த பைலட்.

இந்தக் கூடத் தளத்துக்கு அந்நாளில் வழங்கிய பெயர் 'பாய்லர் தளம்'. பாய்லர் அங்கே இல்லை. அதற்குக் கீழே இருக்கிறது. பாய்லருக்கு மேலே உட்கார்ந்திருப்பதை ஒத்துக்கொள்ளும் பெயர் அது. பெண்களுக்கான அறைகள் கூடத்தின் பின்கோடியில் இருந்தன. கண்ணியம் ஒரு காரணம். பாய்லர் வெடித்தால் பின்கோடிதான் தூரம் என்பது இன்னொன்று. வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1838 ஏப்ரலில் சின்சினாட்டிக் கரையை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில் 'மோஸெல்' வெடித்தது. அதே வருஷம் ஒரு சட்டம், அது போதாமல் 1852-இல் இன்னொரு சட்டம். அமெரிக்க மத்திய அரசு ஒரு தனியார் தொழிலுக்குள் நுழைந்து பரிசோதகர்களை நியமித்த ஆரம்ப உதாரணங்களில் இது ஒன்று. எல்லாவற்றுக்கும் சிகரமாக 1865 ஏப்ரல் 27. 376 பேருக்கு அனுமதி பெற்ற 'ஸல்டானா', போர்ச்சிறையிலிருந்து விடுதலையாகி வீடு திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்களோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மெம்ஃபிஸுக்கு மேலே வெடித்தது. ஆயிரத்துக்கும் மேல் சாவு. அந்த பாய்லருக்குச் சில நாள் முன்புதான் விக்ஸ்பர்கில் ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

மேல்தளத்துப் பார்வையாளர்களில் நம் கவனத்துக்குரிய முதல் ஆள் தோக்வில். 1831 டிசம்பரில், ஓஹையோ நதி உறைந்துவிட்டதால் மெம்ஃபிஸில் தன் நண்பன் போமோனுடன் மாட்டிக்கொண்டு கிடந்தவர், 'லூயிவில்' என்ற படகில் ஏறினார். அதே படகில் சாக்டா இந்தியர்களின் ஒரு கூட்டம் ஏற்றப்பட்டது. தங்கள் நிலத்திலிருந்து அரசாங்கத்தால் பெயர்த்தெடுக்கப்பட்டு மேற்கே அனுப்பப்பட்டவர்கள். கடுங்குளிர்; நோயாளிகள், காயம்பட்டவர்கள், பிறந்த குழந்தைகள், சாகக் கிடக்கும் கிழவர்கள். அவர்கள் அழவில்லை, பேசவில்லை என்று எழுதுகிறார் தோக்வில். கரையில் விடப்பட்ட நாய்கள், எஜமானர்கள் திரும்பப்போவதில்லை என்று புரிந்தவுடன் ஊளையிட்டுக்கொண்டு நதியில் குதித்துப் படகின் பின்னே நீந்தியதையும் எழுதுகிறார். 1835-இல் வெளியான 'அமெரிக்காவில் ஜனநாயகம்' நூலின் மறக்க முடியாத பக்கங்களில் ஒன்று இது. ஆனால் ஒரு விஷயம். புத்தகத்தில் அவர் கரையில் நின்று இதைப் பார்த்தவராகவே தெரிகிறார். அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் தாய்க்கு எழுதிய கடிதத்தில்தான், அவர்கள் போன படகில் தானும் பயணியாகப் போனது வருகிறது. ஏன் இந்த விலகல்? பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே படகின் இரண்டு தளங்கள் என்ற உண்மை, கரையில் நின்ற சாட்சி என்ற பிம்பத்தைவிடச் சங்கடமானது. அந்தச் சங்கடம் எழுத்துக்குள் வந்திருந்தால் அந்தப் பக்கம் வேறாக இருந்திருக்கும்.

நதியை வேடிக்கை பார்க்கவே போவது ஒரு வழக்கமாக ஆனது இதன் பின் சில வருஷங்களில். இந்தியர்களின் முகங்களை வரைந்துகொண்டு திரிந்த ஓவியர் ஜார்ஜ் காட்லின் 1835-இல் மேல் மிஸிஸிப்பியில் ஸ்னெல்லிங் கோட்டை வரை போய்வந்து, கிழக்கத்திய நாகரிக மனிதர்கள் மேற்கொள்ள வேண்டிய 'நவநாகரிகச் சுற்றுலா' இதுதான் என்று சிபாரிசு செய்தார். செங்குத்தான பாறைகள், செயின்ட் ஆண்டனி அருவி, கூடவே இன்னும் அழியாத இந்தியர்கள் — மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். (இங்கிலாந்திலிருந்து வந்த எழுத்தாளர்களுக்கு நதி பிடிக்கவில்லை. திருமதி டிரோலப்புக்கும் சரி, 1842-இல் வந்த டிக்கன்ஸுக்கும் சரி, அது சேறு. டிக்கன்ஸ் தன் வெறுப்பையெல்லாம் கெய்ரோ என்ற ஊர்மேல் கொட்டி, அதை ஒரு நாவலில் நரகமாக்கினார். ஆனால் வெறுப்பதற்கும் மேல்தளத்து டிக்கெட் தேவைப்பட்டது.)

1854 ஜூனில் நடந்ததற்கு 'மாபெரும் உல்லாசப் பயணம்' என்றே பெயர். சிகாகோவிலிருந்து ரயில்பாதை ராக் ஐலண்டில் மிஸிஸிப்பியைத் தொட்டதைக் கொண்டாட ரயில் கம்பெனி அளித்த விருந்து. முன்னாள் ஜனாதிபதி ஃபில்மோர், சரித்திராசிரியர் பான்கிராஃப்ட், நாவலாசிரியை கேதரின் ஸெட்ஜ்விக், பத்திரிகையாளர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட விருந்தினர்கள் பல படகுகளில் செயின்ட் பால் வரை போனார்கள். இரவில் படகுகளைப் பக்கத்தோடு பக்கம் பிணைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிப் போய் ஆடினார்கள். நீராவிப் படகைச் சாகடிக்கப்போகும் ரயிலின் செலவில் நீராவிப் படகுச் சுற்றுலா! மேலே சொன்ன கதையின் கால வரிசை இந்த ஒரு சம்பவத்திலேயே உடைகிறது.

அந்தக் கரைகள் 1851 ஒப்பந்தங்களுக்கு முன் டக்கோட்டா மக்களுடையவை. விருந்து நடந்து எட்டு வருஷத்தில் போர். 1862 டிசம்பர் 26-இல் மன்காட்டோவில் 38 டக்கோட்டாக்கள் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் என்று மிஞ்சியவர்கள் ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே நதிப்படுகையில் குளிர்காலம் முழுவதும் அடைத்துவைக்கப்பட்டார்கள். 1863 மே மாதம் சுமார் 1300 பேர் 'டாவன்போர்ட்', 'நார்தர்னர்' என்ற இரண்டு நீராவிப் படகுகளில் ஏற்றப்பட்டு, அதே நதியில், ஃபில்மோர் ஏறிவந்த அதே வழியில் கீழே அனுப்பப்பட்டார்கள். செயின்ட் பால் துறையில் கூடியிருந்த கூட்டம் படகின் மேல் கல்லெறிந்தது. காட்லின் காட்ட விரும்பிய மூன்றில் ஒன்றை நதியே எடுத்துக்கொண்டு போயிற்று. பாறையும் அருவியும் இருந்தன, சுற்றுலா நிற்கவில்லை.

இதற்கிடையில் நதியைப் பார்க்க நதிக்கே போக வேண்டாம் என்றாகிவிட்டிருந்தது. ஜான் பான்வார்ட் என்ற ஓவியர், மிஸிஸிப்பிக் கரையைப் படகிலிருந்து தெரியும்படி நீண்ட துணியில் வரைந்து, இரண்டு உருளைகளில் சுற்றி, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடவிட்டார். முன்னால் நின்று அவரே விளக்கம் சொல்வார், பின்னால் பியானோ. மூன்று மைல் நீளச் சித்திரம் என்று விளம்பரம். உண்மையில் அதில் ஒரு சிறு பகுதிதான். சினிமாவுக்கு அரை நூற்றாண்டு முந்திய இந்தச் சாதனத்தைப் பார்க்க பாஸ்டனில் கூட்டம் அலைமோதியது. 1849-இல் விண்ட்ஸரில் விக்டோரியா ராணி பார்த்தாள். கவிஞர் லாங்ஃபெல்லோ பாஸ்டனில் பார்த்தார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த 'இவாஞ்சலின்' காவியத்தில் மிஸிஸிப்பி வருகிறது. அவரோ அந்த நதியைக் கண்ணால் கண்டவரில்லை. துணியில் ஓடிய நதி கவிதையில் ஓடிற்று. நம் ஆட்கள் இதைப் படித்துவிட்டுப் பரிகாசம் செய்யவேண்டாம். பார்க்காத பனியையும் முகராத லைலாக்கையும் பற்றி நாம் எழுதியிருப்பது கொஞ்சமல்ல.

பான்வார்டின் நதி பெரும் வெற்றி பெற்றதற்குக் காரணம் அது அசலைப் போல இருந்தது என்பதல்ல; மேல்தளப் பயணியின் அனுபவத்தைப் போல இருந்தது என்பதுதான். உட்கார்ந்திருப்பவன் நகரவில்லை, உலகம் அவன் முன்னால் நகர்ந்துபோகிறது. எதற்கும் அவன் பொறுப்பில்லை. ஒரு தோட்டம் வரும், அடிமைக் குடிசைகள் வரும், போய்விடும். அடுத்தது சூரிய அஸ்தமனம்.

1847 இலையுதிர் காலத்தில் பாஸ்டனில் இத்தகைய ஒரு மிஸிஸிப்பிப் பனோரமாவைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் வில்லியம் வெல்ஸ் பிரவுன். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து, செயின்ட் லூயிஸில் வளர்ந்தவர். எஜமானன் அவரை நீராவிப் படகுகளில் வேலைக்கு வாடகைக்கு விட்டான். பிறகு ஒரு வருஷ காலம் வாக்கர் என்ற அடிமை வியாபாரியிடம் வாடகைக்கு விட்டான். அந்த வருஷம் முழுவதும் அவர் மிஸிஸிப்பியில் மேலும் கீழுமாகப் பயணம் செய்தார். சரக்கை விற்பனைக்குத் தயார் செய்வது அவர் வேலை. சரக்கு என்பது மனிதர்கள். நியூ ஆர்லியன்ஸ் சந்தை நெருங்கும்போது வயதான ஆண்களின் தாடியை மழித்து, நரைமுடியைப் பிடுங்கி, பிடுங்க முடியாத அளவுக்கு இருந்தால் கறுப்புச் சாயம் பூசி, பத்து பதினைந்து வயதைக் குறைக்க வேண்டும். அவரும் தாயும் ஒருமுறை சேர்ந்து தப்பியோடிப் பிடிபட்டார்கள். தாயை அவர் கடைசியாகப் பார்த்தது, நியூ ஆர்லியன்ஸுக்குக் கிளம்ப நின்ற ஒரு நீராவிப் படகில். இன்னொரு பெண்ணோடு சேர்த்துச் சங்கிலியிட்டிருந்தார்கள். 'ஆற்றின் கீழே விற்பது' என்ற தொடர் ஆங்கிலத்தில் துரோகத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அதன் நேர் அர்த்தம் இதுதான். 1834 புத்தாண்டு நாளில், சின்சினாட்டியில், ஒரு பெட்டியைக் கரைக்குச் சுமந்து செல்பவர் போல இறங்கி நடந்து, அவர் திரும்பவில்லை. பின்னாளில் ஏரிப் படகில் வேலை செய்தபோது, 1842-இல் மட்டும் 69 பேரைக் கனடாவுக்குக் கடத்திவிட்டதாகக் கணக்கு வைத்திருக்கிறார். படகை அதன் எல்லாத் தளங்களிலும் அறிந்தவர் என்று யாரையாவது சொல்ல முடியுமானால் அவரைத்தான் சொல்லவேண்டும்.

அவர் பனோரமாவைப் பார்த்தார். அடிமைமுறை அதில் எவ்வளவு மென்மையாகக் காட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து வியந்துபோனார். இதை எழுதியிருப்பவர் அவரே. இங்கே கண்டனக் கட்டுரை ஒன்று எழுதி நிறுத்திக்கொள்வதே வழக்கமான எதிர்வினை. அவரோ இங்கிலாந்துக்குப் போய் ஓவியர்களைக்கொண்டு எதிர்ப் பனோரமா ஒன்று தயாரித்தார்: 24 காட்சிகள். 1850-இல் பிரிட்டனின் ஊர்களில் அதைச் சுற்றிக்காட்டிச் சொற்பொழிவாற்றினார். அதே துணி, அதே பாணி, அதே கட்டணச் சீட்டு. பார்வையாளனை மட்டும் தளம் மாற்றி உட்கார வைத்தார். சங்கிலியில் கோத்து நடத்திச் செல்லப்படுபவர்கள், தோட்டத்து உழைப்பு, தப்பியோடுபவர்கள், தன் சொந்த ஓட்டம். பான்வார்டின் வடிவத்தை உடைக்காமலே அதன் பொருளைக் கவிழ்த்த இந்தச் செய்கை, அவர் 1853-இல் எழுதிய 'க்ளோட்டெல்' நாவலைவிட — கறுப்பு அமெரிக்கர் ஒருவர் எழுதி வெளிவந்த முதல் நாவல் என்று சரித்திரங்கள் அதைக் குறிக்கின்றன — எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. பான்வார்டின் துணியும் இன்று இல்லை, பிரவுனின் துணியும் இல்லை. பிரவுனின் 24 காட்சிகளுக்கும் அவர் எழுதிய விளக்கப் பிரசுரம் மட்டும் எஞ்சியிருக்கிறது. படமில்லாத அந்த விளக்கங்களைப் படிக்கும்போது, திரையை நாமே மனதில் ஓட்ட வேண்டியிருக்கிறது. அது வசதியான ஆசனமல்ல.

இனி மார்க் ட்வைன். மிஸிஸிப்பி என்றாலே அவர்தான் என்று ஆகிவிட்டதால், அவரிடம் எச்சரிக்கையாகப் போகவேண்டும். 1857-இல் ஹோரஸ் பிக்ஸ்பி என்ற பைலட்டிடம் ஐந்நூறு டாலர் கட்டணம் பேசித் தொழில் கற்கச் சேர்ந்தார். 1859 ஏப்ரலில் உரிமம் கிடைத்தது. 1861-இல் உள்நாட்டுப் போர் வந்து தொழில் முடிந்தது. அந்தப் பெயரே நதியின் சொல்: ஆழம் பார்ப்பவன் கூவும் 'இரண்டு பாகம்', அதாவது பன்னிரண்டு அடி, படகு பிழைத்துப்போகும் ஆழம். நதியைப் படிக்கக் கற்றுக்கொண்டபின் அதன் அழகு தனக்குப் போய்விட்டது என்று அவர் எழுதியிருப்பது பிரசித்தம். முதலில் அஸ்தமனம் அஸ்தமனமாக இருந்தது. பிறகு அது நாளைய காற்றின் அறிகுறி. நீரில் ஒரு சாய்ந்த கோடு முதலில் எழில். பிறகு அது படகைக் கொல்லக் காத்திருக்கும் மணல்திட்டு. இதை வைத்துக்கொண்டு, அறிவு ரஸனையைக் கொல்கிறது என்று பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் இழந்தது பயணியின் அழகை, பனோரமாவின் அழகை. கோட்டையும் திட்டையும் ஒன்றாகக் காணும் அந்த உரைநடை — முதலில் 1875-இல் பத்திரிகையில் வந்தது — பயணி எழுதியதல்ல, தொழிலில் இருக்கும் பைலட் எழுதியதுமல்ல. சக்கரத்தை விட்டு இறங்கி பதினான்கு வருஷம் ஆன ஒருவன் எழுதியது. தொழிலறிவு வேண்டும், தொழிலின் அவசரம் கூடாது.

ஆனால் இந்த இரண்டு பார்வைகளும் — பயணியுடையது, பைலட்டுடையது — இரண்டுமே மேலிருந்து பார்ப்பவை. மூன்றாவது ஒருவன் இருக்கிறான்: நதியையே பார்க்காமல், உலைக்கு விறகு போடுகிறவன். தெற்கத்திப் படகுகளில் அவன் பெரும்பாலும் கறுப்பன்; பல சமயம் வாடகைக்கு விடப்பட்ட அடிமை. அந்த இடம் ட்வைனுக்குத் தெரியாததல்ல. 1858 ஜூனில் மெம்ஃபிஸுக்குக் கீழே 'பென்சில்வேனியா' படகின் பாய்லர்கள் வெடித்து அவர் தம்பி ஹென்றி செத்தான். தானும் அந்தப் படகில் இருந்திருக்க வேண்டியவர். ஒரு பைலட்டுடன் சண்டையிட்டு இறங்கியதால் பிழைத்தார். இருந்தும், நினைவுக் குறிப்பாக எழுதும்போது ட்வைன் கண்ணாடிக் கூண்டை விட்டுக் கீழே அதிகம் வருவதில்லை. நாவலில்தான் வருகிறார். ஹக் ஃபின்னும் ஜிம்மும் போவது எல்லாத் தளங்களுக்கும் கீழே, நீர்மட்டத்தில் மிதக்கும் கட்டுமரத்தில். ஜிம்முக்கு விடுதலை தரவேண்டிய கெய்ரோவை மூடுபனியில் தவறவிட்டபின், இரவில் ஒரு நீராவிப் படகு நேராக வந்து கட்டுமரத்தின் மேல் ஏறிப் போகிறது; நிற்கவில்லை. ட்வைன் தன் வாழ்நாளில் மிக நேசித்த வாகனம், அவருடைய மிகச் சிறந்த புத்தகத்தில், கீழேயிருந்து பார்க்கும்போது இப்படித்தான் தெரிகிறது. இந்த ஒரு சம்பவத்துக்காக அவருடைய எல்லா ஏக்கப் பக்கங்களையும் நான் விட்டுக்கொடுப்பேன்.

1882-இல் அவரே சுற்றுலாப் பயணியாகத் திரும்பிவந்தார், எழுத வேண்டிய ஒரு புத்தகத்துக்காக, பொய்ப் பெயரில். 'கோல்ட் டஸ்ட்' படகின் பைலட் அவரை அடையாளம் கண்டுகொண்டான். செயின்ட் லூயிஸ் துறையில் வரிசை வரிசையாக நின்ற படகுகள் இருந்த இடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதாம் மிச்சம். அவர் இறங்கிப்போன சில மாதங்களில், அந்த ஆகஸ்டில், கோல்ட் டஸ்ட் வெடித்தது. அந்தப் பைலட்டும் செத்தான். அடுத்த வருஷம் வந்த புத்தகத்தில் இதற்கு ஒரு சிறிய அத்தியாயம் இருக்கிறது.

சரக்கெல்லாம் ரயிலுக்குப் போனபின்தான் எங்கும் போகாத பயணம் பிறந்தது. கிளம்பிய துறைக்கே திரும்பிவரும் பயணம். ராக் ஐலண்டின் ஸ்ட்ரெக்ஃபஸ் குடும்பம் இதைத் தொழிலாக்கியது. 1901-இல் உல்லாசத்துக்கென்றே கட்டிய படகு, பிறகு பல. சரக்குத் தளம் நடன மண்டபமாயிற்று. 1907-இல் ஃபேட் மாரபிள் என்ற பியானோக்காரர் வந்தார். அவர் நியூ ஆர்லியன்ஸிலிருந்து திரட்டிய வாத்தியக் குழுவில், முதல் உலகப்போர் முடிந்த காலத்தில், லூயி ஆம்ஸ்ட்ராங் சேர்ந்தார். 1921 வரை இருந்தார். காதால் வாசித்துக்கொண்டிருந்த இளைஞன் ஸ்வரக் குறிப்புகளைப் பார்த்து வாசிக்கத் தேறியது இந்தப் படகுகளில். ஜாஸ் நதி வழியே வடக்கே போயிற்று என்று ரொமான்டிக்காகச் சொல்வார்கள், பாதி உண்மை. வாசித்தவர்கள் கறுப்பர்கள், ஆடியவர்கள் வெள்ளையர்கள். செயின்ட் லூயிஸில் கறுப்பு மக்கள் பயணிகளாக ஏற ஒதுக்கப்பட்டது திங்கள் இரவு. மற்ற ஆறு இரவுகள் மேடைக்கு மட்டும். உலைக்கு முன் நின்றவனின் பேரன் மேடைக்கு ஏறிவிட்டான் என்று இதை முன்னேற்றமாகவும் படிக்கலாம். அந்தத் திங்கள் இரவுகளில் குழு எப்படி வாசித்திருக்கும் என்று கற்பனை செய்யலாம். அதற்கு ஒலித்தட்டு இல்லை.

இனி இன்றைய 'சரித்திரப் படகு'கள். 1914-இல் 'ஐடில்வைல்ட்' என்ற பெயரில் கட்டப்பட்டு, 1948-இல் 'அவலான்' ஆகி, ஊர் ஊராக உல்லாசப் பயணிகளைச் சுமந்து களைத்து, 1962-இல் 34,000 டாலருக்கு ஏலத்தில் போய் 'லூயிவில் அழகி' ஆன படகு நிஜமாகவே பழையது. நியூ ஆர்லியன்ஸின் 'நாட்சஸ்' 1975-இல் கட்டியது; 1925-இல் செய்த ஓர் இழுவைப் படகின் இயந்திரங்கள் அதனுள் ஓடுகின்றன. உடல் புதிது, இருதயம் பழையது. 'டெல்டா குவீன்' கதைதான் சிக்கலானது. 1927-இல் கலிஃபோர்னியாவின் ஸாக்ரமென்டோ நதியில் ஓட ஆரம்பித்தது. போரில் கடற்படை எடுத்துக்கொண்டது. 1946-இல் டாம் கிரீன் வாங்கி, அடுத்த வருஷம் பனாமாக் கால்வாய் வழியாக இழுத்துவந்து, 1948-இல் மிஸிஸிப்பிக்கும் ஓஹையோவுக்கும் உரியதாக்கினார். அதாவது பழைய தெற்கின் சின்னமாகப் போற்றப்படும் படகு, பிறப்பால் தெற்கைச் சேர்ந்ததே அல்ல. 1966-இல் தீப்பாதுகாப்புச் சட்டம் வந்தது. மரத்தாலான மேற்கட்டு கொண்ட கப்பலில் இரவு தங்கும் பயணிகளை ஏற்றக்கூடாது. பாரம்பரியம் என்று சொல்லித் திரும்பத் திரும்ப விலக்கு வாங்கினார்கள். 2008-இல் விலக்கு முடிந்தது. படகு சட்டனூகாவில் விடுதியாக நின்றது. 2018-இல் காங்கிரஸ் மறுபடி விலக்கு அளித்தது.

இதில் நான் எந்தப் பக்கம்? அந்தப் படகின் மரவேலைப்பாட்டை நேசிப்பவர்களைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. ஆனால் தீப்பாதுகாப்புச் சட்டம் ஏதோ சரித்திரம் தெரியாத குமாஸ்தாவின் குறுக்கீடு என்று அவர்கள் பேசியது சரியல்ல. மோஸெல், பென்சில்வேனியா, ஸல்டானா: அந்தச் சட்டமும் சரித்திரம்தான், படகின் கீழ்த்தளத்துச் சரித்திரம். தொங்குவிளக்குக்குப் பாரம்பரியம் உண்டென்றால் பரிசோதகனுக்கும் உண்டு.

நாட்சஸ் படகில் இரண்டு மணி நேரப் பயணம். கிளம்புமுன் உச்சியில் காலியோப்பி வாசிக்கிறார்கள். நீராவியால் ஊதப்படும் அந்த வாத்தியம் 1855-இல் காப்புரிமை பெற்றது, மைல்கணக்கில் கேட்கும். படகு நகரத்தை விட்டுக் கீழே இறங்குகிறது: கிடங்குகள், ஆரபியின் சர்க்கரை ஆலை, 1815 யுத்தம் நடந்த சால்மெட் மைதானம், எண்ணெய்ச் சுத்திகரிப்புக் கோபுரங்கள். இரு கரையிலும் வெள்ளத் தடுப்பு அணைகள் உயர்ந்திருப்பதால், ட்வைன் பார்த்த கரையை எந்தத் தளத்திலிருந்தும் இன்று பார்க்க முடியாது. பயணிகள் கீழே இறங்கி இயந்திர அறையைப் பார்க்கலாம். பித்தளை துலங்குகிறது, தண்டு சீராகப் போய்வருகிறது, எண்ணெய் மணக்கிறது. விறகு இல்லை, எண்ணெயில் எரியும் உலை. அதன் முன்னால் நிற்க ஆள் வேண்டியதில்லை. படம் எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறி வரும்போது படகு திரும்பியிருக்கும். வெயில் இப்போது மறுபக்கத்துத் தாழ்வாரத்தில்.